பாடசாலையும் மின்சாரச் சிக்கனமும்

இடைவேளை மணி ஒலித்ததும் மாணவர் யாவரும் வகுப்பறையை விட்டு வெளியேறுகின்றனர். ஆளில்லாத அவ்வறையில் மின்விசிறிகள் சுழன்றுகொண்டிருக்கின்றன. பட்டப்பகல் வெளிச்சத்திலே மின்விளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன. அவற்றை நிறுத்த வேண்டியவர் யார்? ஆசிரியர் அடுத்த பாடத்திற்கு ஆயத்தமாகின்றார். அதிபருக்கோ அலுவல்கள் பல. மாணவன் அது தன் வேலையன்று என்று எண்ணிச் செல்கின்றான். எல்லோருக்கும் பொதுவாய் இருப்பது எவருடைய பொறுப்புமாகாமற் போவதற்கு இதனிலும் எளிய உதாரணம் வேண்டியதில்லை.

இவ்வாறு வீணாவது எவ்வளவு என்பதைக் கணக்கிட ஐந்தாம் வகுப்புக் கணிதமே போதும். பழைய குழாய்விளக்கு ஒன்று, அதன் துணைக்கருவியோடு சேர்த்து, ஏறக்குறைய 50 வாற்று வலுவைப் பெறுகின்றது. சாதாரண மின்விசிறி ஏறக்குறைய 75 வாற்றைப் பெறுகின்றது. ஓர் அறையில் நான்கு விளக்குகளும் நான்கு விசிறிகளும் இருப்பின் மொத்தம் 500 வாற்று. ஆயிரம் வாற்று ஒரு மணி நேரம் செலவாவதே மின்பட்டியலில் ஓர் அலகு எனக் குறிக்கப்படுவது. எனவே, அரைமணி நேர இடைவேளையில் ஓர் அறை கால் அலகை வீணாக்குகின்றது. இத்தகைய இருபது அறைகள் கொண்ட பாடசாலையில் நாளொன்றுக்கு ஐந்து அலகுகள். இருநூறு பாடசாலை நாட்களில் ஆயிரம் அலகுகள். ஒருவருக்கும் ஒளி தராமலும் ஒருவருடைய வியர்வையையும் ஆற்றாமலும் கழிந்த ஆயிரம் அலகுகள் இவை.

அந்த அலகுகள் எங்கிருந்து வருகின்றன? இலங்கையில் மின்சாரத்தின் வரலாறு மலையருவிகளோடு பிணைந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர நீர்மின்வலுவின் பயனை விளக்கித் தமது ஆய்வுரையை 1918 இல் வெளியிட்டார். அவர் கண்ட கனவு நனவாகி, லக்சபான மின்னிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. 1990 களின் நடுப்பகுதி வரை நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரும் பங்கை ஆறுகளே வழங்கின. ஆனால், தேவை வளர்ந்த வேகத்தில் ஆறுகள் பெருகவில்லை. 1996 இல் மழை பொய்த்தபோது நாடு இருளில் மூழ்கியது. அதன் பின்னர் எண்ணெயும் நிலக்கரியும் மின்னுற்பத்தியில் பேரிடம் பெற்றன. 2011 இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையம் 2014 இல் 900 மெகாவாற்று அளவை எட்டியது. இவ்வாறு, ஒரு காலத்தில் மலைநீராக இருந்த மின்சாரம் பெருமளவுக்குக் கப்பலில் வந்திறங்கும் எரிபொருளாக மாறியது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது எரிபொருளும் வற்றியது. அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டது. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் மெழுகுவர்த்தியைத் தேடிய அந்நாட்களை அவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

சிக்கனம் வேண்டுமென்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும், பாடசாலைச் சுவரில் ஒட்டப்படும் ஓர் அறிவித்தல் சில வாரங்களில் நிறம் மங்கிவிடுகின்றது. அதைப் பின்பற்றும் ஆர்வமும் அத்தோடு மங்குகின்றது. இதன் காரணத்தைச் சிந்தித்து ஒரு வழியைக் கண்டது ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரம். பாடசாலையில் விளக்கையும் வெப்பமூட்டியையும் கையாள்பவர் மாணவரும் ஆசிரியரும். கட்டணத்தைச் செலுத்துவதோ அரசாங்கம். மிச்சப்படுத்துபவருக்கு அதன் பயனில் ஒரு பங்கும் இல்லை. இந்தப் பிளவை நீக்குவதற்காக 1994 இல் அங்கே ‘ஐம்பதுக்கு ஐம்பது’ என்னும் திட்டம் வகுக்கப்பட்டது. மிச்சமாகும் பணத்தில் ஒரு பாதி பாடசாலைக்கு. மறு பாதி அரசாங்கத்துக்கு. எளிய பாகப்பிரிவினை, ஆனால் பாடசாலையின் மனப்பான்மையையே மாற்றக் கூடியது. பின்னர் இம்முறை பிற ஐரோப்பிய நாடுகளுக்கும் பரவியது. 2013 முதல் 2016 வரை நடைபெற்ற கூட்டு முயற்சியில் பதின்மூன்று நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய ஐந்நூறு பாடசாலைகள் பங்கேற்றன.

இத்திட்டத்தின் உயிர்நாடி பணம் மட்டுமன்று. வேலையை மாணவரிடமே ஒப்படைத்தமையும் ஆகும். முதலிற் சில மாணவரும் ஓர் ஆசிரியரும் கட்டடப் பராமரிப்பாளரும் சேர்ந்து ஒரு குழுவை அமைக்கின்றனர். பராமரிப்பாளரைச் சேர்த்தது மிகப் பொருத்தமானது. கட்டடத்தின் குழாயும் ஆளியும் அவரைப் போல் அறிந்தவர் வேறெவருமிலர். இக்குழு கட்டடம் முழுவதையும் சுற்றிப் பார்க்கின்றது. வெப்பமானியைக் கையிலேந்திய மாணவர் அறைதோறும் வெப்பநிலையைக் குறிக்கின்றனர். எந்த அறை வேண்டியதற்கு மேல் சூடாயிருக்கின்றது, எங்கே சாளரம் நாள்முழுதும் சிறிது திறந்தபடி இருந்து வெப்பத்தை வெளியே விடுகின்றது என்பவற்றை அவர்களே கண்டறிகின்றனர். சாளரத்தைச் சில நிமிடங்கள் அகலத் திறந்து பின் மூடிவிடுவது, நாள்முழுதும் சிறிது திறந்து வைப்பதிலும் சிறந்தது என்னும் பாடத்தை நூலிலன்றி வெப்பமானியிலேயே கற்கின்றனர். பின்னர் தாம் கண்டதைப் பிற வகுப்பு மாணவருக்கு எடுத்துரைக்கின்றனர். ஆண்டிறுதியில் செலவு முந்திய ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிடப்படுகின்றது. குளிர் மிகுந்த ஆண்டொன்றும் குளிர் குறைந்த ஆண்டொன்றும் ஒன்றாக மதிக்கப்படாதவாறு காலநிலைக்கேற்பக் கணக்குத் திருத்தப்படுகின்றது.

இம்முறையிற் குறையே இல்லையென்று கூறுவதற்கில்லை. ஒப்பீடு அப்பாடசாலையின் பழைய செலவோடு செய்யப்படுவதால், முன்பு தாராளமாக வீணாக்கிய பாடசாலை எளிதிற் பரிசு பெறுகின்றது. தொடக்கத்திலிருந்தே சிக்கனமாயிருந்த பாடசாலைக்கு மிச்சப்படுத்த அதிகமில்லை. நற்பழக்கமுடையவன் குறைந்த பயன் பெறுவது நீதியா என்னும் கேள்வி எழுதல் இயல்பு. எனவே, பணத்தின் அளவை மட்டும் நோக்காது, முயற்சியையும் மதிக்கும் ஏற்பாடு வேண்டும்.

இலங்கைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றில் வெப்பமூட்டும் தேவை இல்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சித்திரை வெயிலில் விசிறியின்றி ஓரறையில் நாற்பது பிள்ளைகளை இருத்துவது சிக்கனமாகாது, அது கொடுமையாகும். மங்கிய வெளிச்சத்திற் படிக்கச் செய்வதும் அவ்வாறே. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு செலவிடுதலும், வேண்டாதபோது நிறுத்துதலுமே சிக்கனம். சாளரத்தை மறைத்து நிற்கும் அலுமாரியை நகர்த்துதல், தூசி படிந்த விளக்கைத் துடைத்தல், தாங்கி நிரம்பி வழியுமுன் நீரிறைக்கும் இயந்திரத்தை நிறுத்தல், வேலை முடிந்ததும் கணினியை அணைத்தல் என்பன மாணவர் ஏற்கக் கூடிய கடமைகள். வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், மின்மானியின் எண்ணைக் கண்டு அறிவித்தற் பலகையில் எழுதுதல் அவற்றுள் முதன்மையானது. எண்ணைப் பார்ப்பது மாணவர் பணி. மின்கம்பியையும் மின்பெட்டியையும் தொடுவது அவர்தம் பணியன்று.

இன்னும் ஓர் உண்மை உண்டு. எல்லா அலகுகளும் ஒரே பெறுமதி உடையனவல்ல. வெயில் மிகுந்த நண்பகலில் கூரைகளிலுள்ள சூரியத் தகடுகள் மின்சாரத்தைப் பொழிகின்றன. 2025 ஏப்பிரல் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்து உற்பத்தி மிகுந்தமையால், அத்தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை வேண்டிக்கொண்டது. ஆனால், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையுள்ள நான்கு மணி நேரத்தில் நிலைமை தலைகீழானது. சூரியன் மறைந்தபின் வீடுதோறும் விளக்கும் தொலைக்காட்சியும் மின்னழுத்தியும் ஒருங்கே இயங்குகின்றன. விலை மிகுந்த எரிபொருள் அப்போதுதான் எரிக்கப்படுகின்றது. அந்நேரமோ பாடசாலை பூட்டிக் கிடக்கும் நேரம்.

ஆதலின், பாடசாலையில் மிச்சமாகும் ஆயிரம் அலகுகளிலும் பெரிய பயன், மாணவன் அங்கே பழகிய பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுசெல்வதிலேயே உளது. பாடசாலை மின்மானியை வாசிக்கக் கற்ற சிறுமி ஒருத்தி, தன் வீட்டு மின்மானியை மாலை 6.30 மணிக்கு ஒருமுறையும் இரவு 10.30 மணிக்கு ஒருமுறையும் வாசித்து, இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தைத் தாளொன்றில் எழுதித் தந்தையிடம் காட்டுவாளாயின், மறுநாள் முதல் உடுப்பழுத்தும் வேலை பகலுக்கு மாறக்கூடும். அறிவித்தற் பலகையிலுள்ள எந்த வாசகத்தினும் மகளின் கையால் எழுதப்பட்ட அந்த எண்ணுக்கு வலிமை அதிகம்.