புதிய அறை

மகள் பிள்ளைப்பேற்றுக்கு வரவிருந்தாள். வீட்டோடு ஓர் அறை கூட்ட வேண்டியதாயிற்று. “கொங்கிறீற்றுக் கூரை போட்டால் பிறகு மேல்வீடும் கட்டலாம், அப்பா” என்றான் மகன். நான் இணங்கவில்லை.

1995 இல் இவ்வீட்டை விட்டுப் போனோம். மறு ஆண்டு திரும்பியபோது ஓடுகளும் கதவுகளும் இல்லை. பாட்டனார் சுண்ணாம்புச் சாந்திட்டு எழுப்பிய கற்சுவர்கள் மாத்திரம் மழையில் நனைந்தபடி நின்றன. புதிய அறை அச்சுவரோடு ஒட்டவேண்டும். பழஞ்சுவர்மேற் சீமெந்து பூசினால் உள்ளீரம் வெளியேற வழியின்றிச் சுவர் உளுத்துப்போகும்.

சீமெந்தும் சுண்ணாம்பும் ஒரே கல்லின் பிள்ளைகளே. காங்கேசன்துறையில் 1950 இல் தொடங்கி 1990 இல் நின்ற ஆலையும் நமது குடாநாட்டுச் சுண்ணக்கல்லைத்தான் தின்றது. ஆயினும் சீமெந்துக்கு ஏறத்தாழ 1450 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். சுண்ணாம்புக்கு 900 பாகையளவு போதும். சூளையிற் கல் விட்ட காபனீரொட்சைட்டிற் பெரும்பகுதியைச் சுண்ணாம்புச் சாந்து ஆண்டுக்கணக்கில் மீண்டும் உட்கொண்டே இறுகுகிறது. உலகில் மனிதர் வெளியிடும் அவ்வாயுவில் 8 வீதமளவு சீமெந்தினால் வருவது.

அந்த மெல்லிய இறுகுதல்தான் எங்கள் மேசனுக்குப் பொறுக்கவில்லை. கூலிநாட்கள் கூடின. மகன் கணக்குக் கொப்பியைக் காட்டினான். அவன் பக்கமும் நியாயம் இருந்தது.

கூரைக்கு, வளவிற் காற்றுக்குச் சாய்ந்த முதுபனை உதவியது. பிளந்தால் வெளிப்புறம் கருவைரம், நடுவே மென்சோற்றி. அதனை முற்றாகச் செதுக்கி எறிந்தபின்பே சலாகை அறுத்து ஓடு போட்டோம்.

முப்பத்தொன்று கழிந்து பேரனும் புறப்பட்டுவிட்டான். சித்திரை வெயிலில், மத்தியானங்களில், மகனுடைய பாய் அவ்வறையிலேதான் கிடக்கிறது.