கம்பெனி கணினியா, அசெம்பிள் செய்த கணினியா?

சென்ற ஆண்டு கோடை விடுமுறை முடிகிற சமயத்தில் சிங்கப்பூரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. நாகூரில் எங்கள் பள்ளியில் படித்துவிட்டுப் போன மாணவர். "டீச்சர், நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தரலாம்னு இருக்கோம். கம்பெனி சிஸ்டமா வாங்கட்டுமா? இல்ல, அசெம்பிள் பண்ணுனா ஒண்ணு ரெண்டு கூடுதலா வருமே, அப்படிச் செய்யட்டுமா? நீங்களே சொல்லுங்க" என்றார். "நாளைக்குச் சொல்றேன் தம்பி" என்று சொல்லிப் போனை வைத்தேன். நாளைக்குச் சொல்ல முடியவில்லை. மூன்று வாரம் ஆயிற்று.

காரணம், இதே கேள்விக்கு இதற்கு முன் இரண்டு முறை பதில் சொல்லி, இரண்டு முறையும் தவறியவள் நான்.

முதல் தவறு, முன்பு நான் பணிபுரிந்த பள்ளியில் நடந்தது. நன்கொடைப் பணத்தில் மூன்று அசெம்பிள்டு கணினிகள் வாங்கினோம். விலை குறைவு என்பதைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. இரண்டாவது ஆண்டு ஐப்பசி மழையில் ஓர் இரவு முழுக்க மின்சாரம் போய்ப் போய் வந்தது. சுவரில் சுவிட்சை அணைக்காமல் வீட்டுக்குப் போயிருந்தோம். காலையில் ஒரு கணினிக்கு உயிர் வரவில்லை. எஸ்எம்பிஎஸ் கருகியிருந்தது. தான் போனதோடு நில்லாமல் மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் கல்வி உதவித்தொகைக்கான மாணவர் விவரங்கள் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. சாதிச் சான்று, வங்கிக் கணக்கு எண் என்று எல்லாவற்றையும் வீடு வீடாகப் போய் மீண்டும் வாங்கினோம். கெடு தேதிக்குள் இரண்டு குழந்தைகளுடையது வந்து சேரவில்லை. அவர்களுக்கு அந்த ஆண்டு உதவித்தொகை கிடைக்கவில்லை. ஒரு குழந்தையின் அம்மா பள்ளிக்கு வந்து என்னிடம் எதுவும் கேட்காமல் வாசலிலேயே நின்றுவிட்டுப் போனது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அதனால் அடுத்த முறை வாய்ப்பு வந்தபோது "கம்பெனி கணினிதான்" என்று பிடிவாதமாக நின்றேன். மெலிந்த, அழகான பெட்டி. ஓராண்டு வாரண்டி. அது முடிந்து ஐந்தாவது மாதம் இதிலும் எஸ்எம்பிஎஸ் போயிற்று. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாகப்பட்டினத்துக் கடைகளில் கிடைத்த எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் அந்தப் பெட்டிக்குள் நுழையவில்லை, பின்களும் பொருந்தவில்லை. அந்த மாடலுக்கென்றே தனி வடிவம். சென்னை ரிச்சி தெருவில் சொல்லி வைத்து, கிடைத்து, வந்து சேர ஏழு வாரம். அதுவரை கணினி துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது.

இரண்டு முறையும் பழுதானது ஒரே பாகம். பெட்டியின் மேல் பெயர் இருந்ததா இல்லையா என்பது அந்தப் பழுதைத் தடுக்கவில்லை. பழுதுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதில்தான் வேறுபாடு. சிங்கப்பூர் மாணவருக்குப் பதில் சொல்வதற்கு முன் இதைத்தான் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். (அரசு வழங்கியுள்ள ஹைடெக் ஆய்வகக் கணினிகளைப் பற்றி இங்கே பேசவில்லை. அவற்றை நாம் திறக்கக் கூடாது. புகாரைப் பதிவு செய்வதே நம் வேலை. முன்னாள் மாணவர்களும் ஊர்க்காரர்களும் வாங்கித் தரும் கணினிகளுக்குத்தான் நாம் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.)

உண்மையில் அசெம்பிள் செய்யாத கணினி என்று ஒன்று கிடையாது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பதற்காகக் கடையில் கிடைக்கும் பாகங்களையே பெரும்பாலும் பயன்படுத்தியது. பிராசஸர் இன்டெலுடையது, இயங்குதளம் மைக்ரோசாஃப்டுடையது. அதனால்தான் காம்பேக் போன்ற நிறுவனங்கள் அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே அதற்கு இணையான கணினியைச் செய்து விற்க முடிந்தது. 1984இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் டெல், விடுதி அறையில் பாகங்களைப் பூட்டிக் கணினி விற்கத் தொடங்கினார். நாம் இன்று கம்பெனி என்று சொல்லும் டெல்லின் தொடக்கம் அதுதான். அந்த நிறுவனம் 2007இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கியது. அதற்கு முன்பே எச்சிஎல் நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியில் கணினி செய்துகொண்டிருந்தது. எந்தக் கம்பெனியானாலும் பிராசஸர் பெரும்பாலும் இன்டெல் அல்லது ஏஎம்டி. ரேமும் டிஸ்க்கும் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களுடையவை. கடைக்காரர் பூட்டுவதும் பெரும்பாலும் அவற்றைத்தான்.

அப்படியானால் கம்பெனி கணினிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்கு? ஒரே மாடலை ஆயிரக்கணக்கில் செய்வதால், பாகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று முன்கூட்டியே சோதித்திருப்பார்கள். பழுது எதுவானாலும் பொறுப்பு ஒரே இடத்தில். "அது ரேம் கோளாறு, இது போர்டு கோளாறு" என்று நம்மை அலைக்கழிக்க முடியாது. இதற்காக, கம்பெனி கணினியில் தவறே வராது என்று நினைத்துவிட வேண்டாம். 2003 முதல் 2005 வரை விற்ற டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் கணினிகள் பலவற்றில் மதர்போர்டின் கெபாசிட்டர்கள் உப்பி வெடித்தன. அவற்றைச் சரிசெய்ய அந்த நிறுவனம் 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. அன்றைக்கு மோசமான கெபாசிட்டர் வேறு பல நிறுவனங்களின் கணினிகளிலும்தான் இருந்தது. ஆனால் பணம் ஒதுக்கி மாற்றித் தர ஒரு நிறுவனம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வருகிறேன். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றிக் கணினிக்குள் அனுப்பும் தகரப் பெட்டி அது. விலைப்பட்டியலில் கடைசி வரியில், மாடல் பெயர்கூட இல்லாமல் "கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்" என்று இருக்கும். அசெம்பிள்டு கணினியின் விலையைக் குறைக்க விரும்புபவர் முதலில் கை வைப்பது இங்கேதான். ஏனென்றால் வாங்குபவர் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. வெளியே 450 வாட் என்று ஒட்டியிருக்கும். பள்ளிப் பயன்பாட்டுக் கணினி ஒன்று வேலை செய்யும்போது 100 வாட்டைக்கூடத் தொடுவதில்லை. ஆகவே அந்த எண்ணால் நமக்குப் பயனில்லை. மின்னழுத்தம் ஏறினால் தானே நின்றுகொள்ளும் பாதுகாப்புச் சுற்று உள்ளே இருக்கிறதா என்பதே கேள்வி. மலிவான பெட்டியில் அதை விட்டுவிடுவார்கள். கையில் தூக்கிப் பார்த்தாலே ஓரளவு தெரியும். மலிவானது காற்றைப் போல இருக்கும். பெயர் தெரிந்த நிறுவனமா, "80 பிளஸ்" முத்திரை உண்டா, குறைந்தது இரண்டு மூன்று ஆண்டு வாரண்டி உண்டா என்று கேளுங்கள். இன்டெல் 1995இல் வகுத்த ஏடிஎக்ஸ் என்ற அளவில் அமைந்ததா என்றும் கேளுங்கள். அந்த அளவில் இருந்தால் எந்த ஊர்க் கடையிலும் மாற்று கிடைக்கும். கம்பெனி கணினியிலும் சில பெரிய பெட்டி மாடல்களில் இந்த அளவு உண்டு. மெலிந்தவற்றில் பெரும்பாலும் இராது.

எவ்வளவு நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டாலும் எர்த் சரியில்லை என்றால் பயனில்லை. நம் கடற்கரை மண்ணில் உப்பு ஈரம் இருப்பதால் மின்சாரம் எளிதில் மண்ணுக்குள் இறங்கும், அது நல்லதுதான். ஆனால் அதே உப்பு, புதைத்த இரும்புக் குழாயைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும். மேலே கம்பி இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. மின்பணியாளரை அழைத்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எவ்வளவு வோல்ட் காட்டுகிறது என்று மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் 19 காட்டியது. கணினி வாங்குவதற்கு முன் எர்த் குழி தோண்டினோம்.

நாகப்பட்டினத்தில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் இன்னொரு முன்னாள் மாணவர்தான் இதையெல்லாம் எனக்குக் கற்றுத் தந்தவர். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு, மின்சாரம் இல்லாத நாட்களைவிட அது திரும்பி வந்த முதல் சில நாட்களில்தான் தன் கடைக்கு அதிகக் கணினிகள் வந்தன என்பார். அவர் சொன்ன இன்னொன்று எனக்குச் சிரிப்பாக இருந்தது: "டீச்சர், பின்னாடி ஓட்டை இல்லாத கேபினெட்டா பாத்து வாங்குங்க. எனக்கு வர்ற ஸ்கூல் சிஸ்டத்துல பாதிக்கு மேல பல்லிதான் டீச்சர் பிரச்சினை." மலிவான கேபினெட்டில் பின்பக்கத் தகடுகளை உடைத்து எடுத்தால் திரும்ப மூட வழியிராது. பல்லி அந்த வழியே போய் முட்டையிடும், சில சமயம் மதர்போர்டின் மேல் செத்தும் கிடக்கும்.

விலைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வந்த விலைப்புள்ளிகளில் கம்பெனி கணினி 46,000 ரூபாய். திரை, விண்டோஸ் உரிமம், பள்ளிக்கே வந்து பார்க்கும் மூன்று ஆண்டு வாரண்டி உட்பட. அசெம்பிள்டு 31,500. இப்படிப் பார்த்தால் மூன்றுக்குப் பதில் நான்கு வாங்கலாம் என்று தோன்றும். பெயரில்லாத எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றி நல்லது போடச் சொன்னோம்: 1,800 கூடிற்று. எஸ்எஸ்டியையும் தெரிந்த நிறுவனத்துடையதாக்கினோம்: 1,200. ஆக 34,500. "விண்டோஸ் எவ்வளவு?" என்றேன். "அதெல்லாம் போட்டுத் தந்துடுவோம் மேடம்" என்றார் கடைக்காரர். உரிமத்தோடு என்று அழுத்திக் கேட்டபோது இன்னும் 10,000 ஆயிற்று. 44,500. வித்தியாசம் வெறும் 1,500. அசெம்பிள்டு மலிவு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி, உரிமமில்லாத மென்பொருளின் விலைதான். அரசுப் பள்ளி மேசையில் அதை வைத்துக்கொண்டு மாணவருக்கு நேர்மை சொல்லித் தர எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் லினக்ஸ் போட்டால் கணக்கு மாறிவிடுகிறது. 11ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்திலேயே உபுண்டுவும் ஓபன் ஆபீஸும் இருக்கின்றன. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கருவிகளிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் இருந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுபோனதால், விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளையும் இனி இப்படித்தான் காப்பாற்ற வேண்டும்.

வாரண்டி விஷயத்தில் இரண்டு வகையிலும் ஏமாற இடம் உண்டு. கம்பெனி கணினியில் "ஆன்சைட்" என்று போட்டிருந்தாலும், உங்கள் ஊர் அஞ்சல் குறியீட்டு எண்ணைச் சொல்லி, எத்தனை நாளில் ஆள் வருவார் என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். சென்னைக்கு மறுநாள் என்றால் நாகூருக்கும் மறுநாள் என்று பொருளில்லை. அசெம்பிள்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. பிராசஸருக்கு மூன்று ஆண்டு என்றால் எஸ்எஸ்டிக்கு ஐந்து ஆண்டுகூட இருக்கலாம். கூட்டிப் பார்த்தால் கம்பெனி கணினியைவிட இது அதிகம். ஆனால் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் ஜிஎஸ்டி ரசீதில் எழுதப்பட்டிருந்தால்தான் அது செல்லும். "கம்ப்யூட்டர் செட் - 1" என்று எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியில் சிங்கப்பூருக்குப் பேசினேன். அலுவலகப் பணிக்கு, எமிஸ் பதிவுக்கும் உதவித்தொகை விண்ணப்பங்களுக்கும், மூன்று ஆண்டு வாரண்டியோடு ஒரு கம்பெனி கணினி. அது நின்றால் பள்ளி வேலை நிற்கும். பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். பிள்ளைகள் கற்பதற்கு லினக்ஸ் போட்ட அசெம்பிள்டு நான்கு. மீதிப் பணத்தில் யுபிஎஸ்களும், கூடுதலாக இரண்டு எஸ்எம்பிஎஸ்ஸும், விவரங்களைப் பிரதி எடுத்து வைக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கும். "எஸ்எம்பிஎஸ் எதுக்கு டீச்சர் சும்மா ரெண்டு?" என்று கேட்டார். கதையைச் சொன்னேன். சரி என்றார். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, இருப்புப் பதிவேட்டில் ஏற்றினோம்.

நான்கு கணினிகளையும் பள்ளியிலேயே பூட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நிற்க, கடைக்காரத் தம்பி ஒவ்வொரு பாகமாகக் காட்டிப் பூட்டினார். ரேம் கழன்றால் திரை கறுத்துவிடும் என்பதையும், அதன் பொன்னிற விளிம்பை ரப்பரால் மெல்லத் துடைத்து, தூள் தட்டிப் பூட்டினால் பெரும்பாலும் சரியாகும் என்பதையும் செய்து காட்டினார். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட வேண்டும் என்று மூன்று முறை சொன்னார். கணினியில் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய், இணையதளங்கள் திறக்க மறுத்தால், உள்ளே நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் போதும் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. அதற்கு முன் ஒருமுறை இதற்காக ஒரு கணினியைத் திருவாரூர் வரை தூக்கிப் போயிருக்கிறேன்.

சென்ற மார்கழியில் நான்கில் ஒன்றின் எஸ்எம்பிஎஸ் போயிற்று. காலை இடைவேளையில் தம்பிக்குப் போன் செய்தேன். சாப்பாட்டு நேரத்தில் வந்து, பீரோவிலிருந்ததை எடுத்து மாற்றினார். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பழையதை வாரண்டிக்கு அனுப்பினோம், இருபது நாளில் புதியது வந்தது. அது இப்போது பீரோவில் இருக்கிறது.