கஞ்சியோடு நிறுத்திவிடாதீர்கள்

போளூர், ஆரணி வட்டாரத்துக் குழித்தறிக்காரருக்குக் காலும் தோளும்தான் முதலீடு. அப்படிப்பட்டவருக்கு இதயம் தளர்ந்து, கால் வீங்கி, மூச்சு வாங்கி, மருத்துவமனையில் நீரை இறக்கி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். "உப்பைக் குறைங்க, தண்ணியை அளந்து குடிங்க" என்று டாக்டர் சொன்னது, வீடு வந்து சேர்வதற்குள் "கஞ்சியைக் குடிச்சிட்டு அசையாம படுத்திரு" என்று மாறிவிடுகிறது. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் எஞ்சியிருக்கும் தசையும் அதனால்தான் கரைகிறது.

நம் நாட்டில் இதயச் செயலிழப்பு என்னும் இந்த நோய் சீக்கிரமே வந்துவிடுகிறது. 2013இல் திருவனந்தபுரத்தில் 1,205 நோயாளிகளைக் கொண்டு தொடங்கிய பதிவேட்டில் சராசரி வயது 61தான். தறியை விட்டு ஒதுங்கும் வயதா அது?

இதயம் தளர்ந்தால் குடலிலும் நீர் கோத்துக்கொள்ளும், பசி மங்கும். நாலு வாய் உண்பதற்குள் மூச்சு முட்டும். தசை கரைந்த எடையை நீர் ஈடுகட்டிவிடுவதால் எடைமெஷினில் எந்த மாற்றமும் தெரியாது. தோளும் தொடையும் வற்றியிருப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

சுவிட்சர்லாந்தில் ஊட்டக்குறைவு அபாயத்தில் இருந்த 645 இதயச் செயலிழப்பு நோயாளிகளை ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான மருத்துவமனை உணவு உண்டவர்களில் 30 நாளில் இறந்தவர்கள் 14.8 சதவீதம். ஆளுக்கேற்ற உணவுத் திட்டம் பெற்றவர்களில் 8.4 சதவீதம். இதைப் படித்தபிறகு சாப்பாட்டை மாத்திரைக்கு அடுத்தபடியாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

55 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 60 கிராம் புரதம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டர் சொல்ல வேண்டும். ஜவ்வாது மலைச் சாமைக் கஞ்சி நல்லதுதான், ஆனால் வெறும் கஞ்சியில் அவ்வளவு புரதம் ஏது? ரேஷன் துவரம்பருப்பு, முட்டை, மோர், மீன் என்று சிறுகச் சிறுக ஐந்தாறு வேளையாகக் கொடுக்கலாம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம். இந்துப்பிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம்தான். பொட்டாசியம் கலந்த மாற்று உப்போ, இதயத்துக்குத் தரும் சில மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து.

சாப்பாட்டோடு அசைவும் வேண்டும். அமெரிக்காவில் 60 வயதைக் கடந்த 349 இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்குச் சமநிலை, கால்பலம், நடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். மறுபடி மருத்துவமனையில் சேர்வது பெரிதாகக் குறையவில்லை. ஆனால் நடமாட்டம் தெளிவாக மேம்பட்டது. வீடு திரும்பியவர், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதில் தொடங்கலாம். பிறகு தெருமுனை வரை நடை, தறிக்கான நூலைத் தாரில் சுற்றுவது, கடைசியாகத் தறி.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதில் வரும் ஊழியர் "நேத்து என்ன சாப்பிட்டீங்க? கை ஊனாம எழுந்திருக்க முடியுதா?" என்றும் கேட்க வேண்டும். வீட்டார் தினமும் காலையில் எடையைக் குறித்துவைக்கட்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நீர் சேர்கிறது, அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.