நான்கு பேர் அணியும் இரண்டு அமைச்சகங்களும்
கரைசேர வழிதேடும் கல்லூரி நீச்சல்

புது தில்லி: குடியரசுத் தலைவர் மாளிகைக்கு அருகே, தால்கடோரா பூங்காவை ஒட்டி அமைந்துள்ளது டாக்டர் சியாமா பிரசாத் முகர்ஜி நீச்சல் வளாகம். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் நீச்சல் பந்தயங்கள் இங்குதான் நடைபெற்றன. 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுப்பிக்கப்பட்டபோது கூரையும் கிடைத்தது. 50 மீட்டர் குளம், டைவிங்குக்கெனத் தனிக் குளம் என எல்லாம் உண்டு. ஆனால், தலைநகரில் உள்ள கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தமாக ஒரு குளம்கூட இல்லை.

கல்லூரியின் பெயரில் அணி இருக்கும். அதற்குக் குளம் இருக்காது. மாணவர்கள் அதிகாலையில் கட்டணக் குளத்தில் பயிற்சி செய்துவிட்டு வகுப்புக்கு ஓட வேண்டும். தில்லியின் திறந்தவெளிக் குளங்களோ குளிர்காலத்தில் மூடப்பட்டுவிடும். பல்கலைக்கழகப் போட்டிகளும் பருவத் தேர்வுகளும் பெரும்பாலும் அந்த மாதங்களிலேயே நெருங்கி வருகின்றன.

ஒருவர் விலகினாலும்...

சிறிய அணியின் கணக்கு வேறு. தொடர் நீச்சலுக்கு நால்வர் தேவை. அணியில் இருப்பதே நால்வர் என்றால், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்தப் பந்தயம் கைவிட்டுப் போகும். தனிநபர் பந்தயத்தை முடித்து மூச்சு வாங்கும் மாணவரே சற்று நேரத்தில் தொடர் நீச்சலுக்கும் நிற்க வேண்டும். பெரிய அணிகள் ஒவ்வொரு பாணிக்கும் ஒருவரை நிறுத்துகின்றன. சிறிய அணியோ ஒருவரையே எல்லாவற்றுக்கும் அனுப்புகிறது.

டைவிங்கின் நிலை இன்னும் கடினம். 10 மீட்டர் மேடையிலிருந்து பாய, குளத்தில் ஏறத்தாழ 5 மீட்டர் ஆழம் வேண்டும். சாதாரண நீச்சல் குளத்தில் அதற்கு இடமில்லை. நடுவர்கள் ஐவர் மதிப்பெண் இட்டால், மிக உயர்ந்ததும் மிகக் குறைந்ததும் நீக்கப்பட்டு, எஞ்சிய மூன்றின் கூட்டுத்தொகை பாய்தலின் கடின அளவால் பெருக்கப்படும். கடினமான பாய்தலைக் கற்றவருக்கே வெற்றி வாய்ப்பு. பயிற்றுநர் இன்றி அதைக் கற்பது உயிருக்கே ஆபத்து.

இத்தனைக்கும் பின் கிடைப்பது ஒரு சான்றிதழ். அதன் மதிப்பு சிறிதன்று. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பங்கேற்றவர்கள், மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான நியமனத்துக்குத் தகுதி பெறுகின்றனர். நடுத்தரக் குடும்பத்து மாணவருக்குப் பதக்கத்தைவிட அதுவே பெரிது.

பொறுப்பு யாருக்கு?

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணைப்படி விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ளது. கல்வியோ 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. தில்லியில் இரண்டுக்கும் தனித்தனி அமைச்சகங்கள். பல்கலைக்கழகப் போட்டிகளை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். குளம் கட்டுவது யார், பயிற்றுநருக்கு ஊதியம் தருவது யார் என்ற கேள்வி இவற்றுக்கிடையே நழுவிவிடுகிறது. கல்வி, விளையாட்டு ஆகிய இரண்டையும் ஒருசேர ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழு உள்ளது. கேள்வி கேட்க இடம் இருக்கிறது, கேட்பவர்தான் வேண்டும்.

முயற்சி அறவே இல்லை என்று கூறிவிட முடியாது. 2020 பிப்ரவரியில் புவனேசுவரத்தில் முதலாவது 'கேலோ இந்தியா' பல்கலைக்கழகப் போட்டி நடைபெற்றது. நீச்சலும் அதில் இடம்பெற்றது. 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. ஆனால், அச்சட்டத்தின் நோக்கம் சம்மேளனங்களை ஒழுங்குபடுத்துவதே. கல்லூரிக் குளங்கள் அதன் எல்லைக்குள் வரவில்லை.

1951-இல் இதே தில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் நீச்சலில் சச்சின் நாக் தங்கம் வென்றார். டைவிங்கில் கே.பி. தாக்கர் இரண்டு தங்கம் வென்றார். அதன் பிறகு 1986-இல் சியோலில் கஜான் சிங் வெள்ளி வென்றார். 2010-இல் குவாங்சோவில் வீர்தவல் காடேவும், 2014-இல் இஞ்சியோனில் சந்தீப் செஜ்வாலும் வெண்கலம் வென்றனர். 2023-இல் ஹாங்சோ போட்டி முடிந்த வரையில், ஆசிய நீச்சலில் இந்தியாவுக்கு இரண்டாவது தங்கம் கிட்டவில்லை.

2036 ஒலிம்பிக் போட்டியை நடத்த இந்தியா விருப்பம் தெரிவித்துள்ளது. அதற்காக அரங்குகள் எழலாம். ஆனால், அரங்கில் இறங்குவோர் ஏதோ ஒரு கல்லூரியின் நால்வர் அணியிலிருந்தும் வரக்கூடும். தால்கடோரா குளத்தின் சில தடங்களை அதிகாலையில் இரண்டு மணி நேரம் அந்த அணிகளுக்கு ஒதுக்குவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஓர் ஆணை போதும்.