கடல் கடந்த கிளைகளைத் தேடி

நாகூர், காரைக்கால், கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில், பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ சென்று திரும்பாத முன்னோர் ஒருவரைப் பற்றிப் பேசாத முஸ்லிம் குடும்பங்கள் அரியவை. 'அங்கே அவருக்கு ஒரு குடும்பம் இருந்ததாம்' என்பதோடு பேச்சு நின்றுவிடும். அந்த 'ஆம்' என்னும் செவிவழிச் செய்தியைச் சான்றுள்ள உறவாக மாற்ற இயலுமா என்பதை இங்கு ஆராய்வோம்.

1786இல் பினாங்கிலும் 1819இல் சிங்கப்பூரிலும் ஆங்கிலேயர் கால் பதித்ததைத் தொடர்ந்து, அங்கெல்லாம் 'சூலியா' என அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் வணிகராகவும் தொழிலாளராகவும் குடியேறினர். 1801இல் தோன்றிய பினாங்கு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1826இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் அவர்தம் இருப்பின் சாட்சிகள். அவர்களுள் பலர் மலாய்ப் பெண்களை மணந்தனர். அவ்வழித் தோன்றல்கள் 'ஜாவி பெரானாக்கான்' எனப்பட்டனர். ஆகவே நாம் தேடும் கிளையினர் இன்று தமிழறியாத மலாய்க்காரர்களாக இருக்கக்கூடும். தமிழ்ப் பெயரை மட்டும் எதிர்பார்த்துத் தேடுவோர் அவர்களைக் கண்டும் அடையாளம் காணாமல் போவர்.

தொடர்பு எப்போது அறுந்தது என்பதே தேடலின் முதற்கேள்வி. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சியில் கடிதமும் பணமும் வருவது தடைப்பட்டது. மலாயாவில் 1953இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம் புதியவர் வருகையைக் குறுக்கியது. மலேசியாவில் 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதி கட்டாயமானபோது பலர் ஊர் திரும்பினர். சிலர் அங்கேயே நிலைத்தனர். கடைசிக் கடிதத்தின் ஆண்டு தெரிந்தால், அக்கிளை எந்த நெருக்கடியில் பிரிந்தது என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

அடுத்த சிக்கல் பெயர். முகையதீன் என்னும் பெயர் அங்குள்ள ஏடுகளில் மொகிதீன், மொய்தீன், மைதீன் எனப் பலவாறு காணப்படும். மரைக்காயர் என்பது பினாங்கில் 'மெரிக்கான்' என்றாகிக் குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. நம் வழக்கில் தந்தையின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. மலாய் வழக்கிலோ அது 'பின்' என்னும் சொல்லுக்குப் பின் முழுமையாக எழுதப்படும். ஆதலின் ஊரில் நாம் மறந்துபோன முதலெழுத்தின் விரிவு அங்கே கிடைக்கக்கூடும். எனினும் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் மரபால் ஒரே பெயர் தலைமுறைதோறும் மீண்டும் வருகிறது. பெயர் ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. ஊர், தந்தை பெயர், தொழில், காலம் ஆகியவற்றுள் இரண்டேனும் உடன் பொருந்துதல் வேண்டும்.

இவற்றை எங்கே தேடுவது? ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரிலிருந்து தொடங்குவதே சாலச் சிறந்தது. மணமக்களின் தந்தையர் பெயரும் சாட்சிகளின் பெயரும் அதில் உண்டு. மணமகளின் தந்தை இல்லாதபோது வலியாக நின்றவர் பெரும்பாலும் தந்தை வழி ஆண் உறவினராதலின், அந்த ஒரு வரியே விடுபட்ட கிளையைக் காட்டலாம். பத்திரப் பதிவு அலுவலகத்துப் பழைய பாகப்பிரிவினை, முக்தியார் ஆவணங்களில், கடல் கடந்து வசித்த பங்காளியின் முகவரி இருக்கக்கூடும். அக்கரையில் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகமும் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகமும் உதவும். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை எண்ணிம வடிவில் தேட வழிசெய்துள்ளது. மரண அறிவிப்பு, கூட்டு வாணிபக் கலைப்பு, வழக்கு ஆகியவற்றில் பெயர்கள் அகப்படும்.

ஆண்டுக் கணக்கிலும் விழிப்பு தேவை. கல்லறைக் கல்லிலும் அரபுத்தமிழ்க் குறிப்பேடுகளிலும் ஹிஜ்ரி ஆண்டே பெரும்பாலும் இருக்கும். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டினும் ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது. ஹிஜ்ரி 1300 என்பது 1882 நவம்பரில் தொடங்கி 1883இல் முடிகிறது. மாதம் தெரியாமல் ஒரே ஆங்கில ஆண்டைக் குறித்தல் பிழையாகலாம்.

எல்லாவற்றினும் விரைவாக அழியும் ஆவணம் முதியோரின் நினைவே. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமகன் மனைவி வீட்டில் வாழ்வதும் வீடு பெண்மக்களுக்கு உரியதாவதும் வழக்கம். எனவே வீட்டின் வரலாறு பெண்களிடமே தங்கியிருக்கிறது. ஆண்களை மட்டும் வினவிப் பெறும் வமிச விளக்கம் பாதியே ஆகும். 'யார் யாருக்குக் கண்ணூறு கழித்தார்கள், யார் வீட்டிலிருந்து பெட்டி வந்தது' என்று பாட்டிமார் கூறும் சிறு செய்திகளே சில வேளைகளில் ஏட்டில் இல்லாத இணைப்பைத் தருகின்றன. அவற்றைக் கூறியவர் பெயருடனும் நாளுடனும் எழுதிவைத்தல் நம் கடமை.

இறுதியாக ஒன்று. கிளை கிடைத்ததும் முதல் மடலிலேயே நிலத்தையும் வாரிசுப் பங்கையும் பேசினால், எதிர்முனையில் கதவு மூடிக்கொள்ளும். அங்குள்ளோர் தம் முன்னோருக்கு இங்கே இன்னொரு மனைவியும் மக்களும் இருந்ததை அறியாதவராகவும் இருக்கலாம். உறவைப் பேணுவதற்காகவே வமிச வழியை அறிந்துகொள்ளுமாறு நபிமொழி பணிக்கிறது. இந்நோக்கத்தை முன்வைத்து, கையிலுள்ள சான்றுகளின் படிகளை இணைத்து, விடையளிப்பதும் அளிக்காததும் அவர்கள் விருப்பம் என்று எழுதுவதே பண்பு. ஸிலத்துர் ரஹிம் என்பது இரு கரைகளின் இசைவாலும் நிலைபெறும் உறவு.