ஒரு சக்கரம் மட்டும் சுத்துது, வண்டி நகரல... ஆர்சி டிரக் ரேஸில் டிஃபரன்ஷியல் என்ன செய்கிறது?

மழை விட்ட மறுநாள். சிவகாசி அருகே எம். புதுப்பட்டி பக்கம் கரிசல் காட்டில் இறங்கிய டிராக்டரின் ஒரு பின்சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுற்றுகிறது. இன்னொன்று கெட்டியான வரப்பில் அசையாமல் நிற்கிறது. டிரைவர் காலடியில் இருக்கும் ஒரு பெடலை மிதிக்கிறார். இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்ற, வண்டி மேலே ஏறிவிடுகிறது. அந்தப் பெடலின் பெயர் டிஃபரன்ஷியல் லாக்.

இதே காட்சியை பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கினால், அதுதான் ரிமோட் கன்ட்ரோல் டிரக் ரேஸில் புதிதாக இறங்குபவர்களின் முதல் தலைவலி. வீடியோக்களில் பார்க்கும்போது புழுதி பறக்கப் பாயும் வண்டி, கைக்கு வந்ததும் வளைவில் ஒரு சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டு தடுமாறும். உடனே பலர் செய்வது, இன்னும் பவர்ஃபுல்லான மோட்டார் வாங்குவது. பிரச்சினை அங்கே இல்லை. வண்டிக்குள் இருக்கும் ஒரு சின்ன கியர் டப்பாவில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய பெரும்பாலும் ஒரு சின்ன பாட்டில் ஆயில் போதும்.

பொம்மை காருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

திருவிழாக் கடையில் வாங்கும் ரிமோட் காரில் ஒரு பாகம் உடைந்தால் மொத்த காரும் குப்பைக்குத்தான். ஹாபி ரக ஆர்சி வண்டியில் ஆக்சில், கியர், ஷாக் அப்சார்பர், மோட்டார் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். ரிமோட்டை எவ்வளவு அழுத்துகிறோமோ அந்த அளவுக்குத்தான் வேகமும் திருப்பமும் கிடைக்கும்.

ஜப்பானின் டாமியா நிறுவனம் 1979-ல் கொண்டுவந்த சாண்ட் ஸ்கார்ச்சர் போன்ற வண்டிகள்தான் மண் தரையில் ஆர்சி ஓட்டுவதைப் பிரபலமாக்கின. அமெரிக்காவின் டிராக்ஸஸ் நிறுவனம் 2008-ல் வெளியிட்ட ஸ்லாஷ், 'ஷார்ட் கோர்ஸ் டிரக்' என்ற பிரிவையே உலகம் முழுக்கப் பரப்பியது. நிஜ டெசர்ட் ரேஸ் டிரக்கின் பத்தில் ஒரு பங்கு அளவு. அரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளம். புதிதாகத் தொடங்குபவர்களில் பலரும் முதலில் தேர்ந்தெடுப்பது இந்த அளவைத்தான்.

டிஃபரன்ஷியல் எதற்கு?

வண்டி வளையும்போது வெளிப்பக்கச் சக்கரம், உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். எவ்வளவு அதிகம்? கணக்கு எளிது. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 25 செ.மீ. இருக்கும் ஆர்சி டிரக் ஒரு யூ-டர்ன் அடித்தால், வெளிச்சக்கரம் சுமார் 78 செ.மீ. கூடுதலாக ஓடும். சின்ன வட்டமாக வளைந்தாலும் பெரிய வட்டமாக வளைந்தாலும் இந்த 78 மாறாது. சக்கரங்களுக்கு இடையே 1.8 மீட்டர் இருக்கும் லாரி என்றால், வித்தியாசம் ஐந்தரை மீட்டரைத் தாண்டும்.

இரண்டு சக்கரங்களையும் ஒரே கம்பியில் இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? ஒரு சக்கரம் தரையில் இழுபட்டுத்தான் ஆக வேண்டும். டயர் தேயும், வண்டி வளைய மறுக்கும். இதற்கு பிரான்ஸைச் சேர்ந்த கடிகாரக் கலைஞர் ஒனெசிஃபோர் பெக்கர் 1827-ல் ஒரு தீர்வு கண்டுபிடித்தார். அவர் நீராவி வண்டிக்காக உருவாக்கிய அந்த ஏற்பாடுதான் இன்றைக்கு ஷேர் ஆட்டோவிலும், பட்டாசு ஏற்றிச் செல்லும் லாரியிலும், கையில் தூக்கும் ஆர்சி டிரக்கிலும் இருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது?

மோட்டாரிலிருந்து வரும் சின்ன பல்சக்கரம் பினியன். அது சுற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன். கிரவுனோடு ஒரு டப்பா சேர்ந்தே சுற்றும். டப்பாவுக்குள் குறுக்கே ஒரு ஊசியில் சின்ன ஸ்பைடர் கியர்கள். அவற்றின் இரு பக்கமும், சக்கரங்களுக்குப் போகும் சைடு கியர்கள். அவ்ளோதான்.

வண்டி நேராகப் போகும்போது ஸ்பைடர் கியர்கள் தங்கள் ஊசியில் சுற்றுவதில்லை. டப்பாவோடு சேர்ந்து எல்லாம் ஒன்றாகச் சுற்றும். வளையும்போது அவை கொஞ்சம் உருண்டு கொடுக்கும். ஒரு பக்கம் எவ்வளவு வேகம் குறைகிறதோ, அதே அளவு மறுபக்கம் கூடும். இரண்டு சக்கரங்களின் சராசரி வேகம்தான் டப்பாவின் வேகம்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஆர்சி டிரக்கின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றுங்கள். மறு சக்கரம் பின்னோக்கிச் சுற்றும். அதுதான் டிஃபரன்ஷியல் வேலை செய்வது.

அப்போ ஒரு சக்கரம் மட்டும் ஏன் சுத்துது?

இங்கேதான் இந்த நல்ல ஏற்பாட்டின் பலவீனம். சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் கிட்டத்தட்ட சமமான டார்க், அதாவது சுழற்றும் விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் புழுதியில் பிடிமானம் இல்லாமல் வழுக்கினால், அதைச் சுற்ற மிகக் குறைந்த விசையே போதும். அதே குறைந்த விசைதான் நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் போகும். அது வண்டியைத் தள்ளப் போதாது. அதனால், மோட்டார் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வண்டி நிற்கும்.

டிராக்டரில் இதற்கு லாக் பெடல். பாறை ஏறும் ஆர்சி கிராலர் வண்டிகளிலும் டிஃபரன்ஷியலை மொத்தமாகப் பூட்டிவிடுவார்கள். மெதுவாகப் போவதால் அங்கே அது சரி. வேகமாக வளைய வேண்டிய ரேஸ் டிரக்கில் முழுப் பூட்டு சரிவராது. அங்கே பாதி வழியாக இருப்பதுதான் ஆயில்.

ஆயில் என்ன செய்யும்?

ரேஸ் ரக டிஃபரன்ஷியல் டப்பாவுக்குள் சிலிகான் ஆயில் நிரப்பப்படும். கெட்டியான ஆயிலில் ஸ்பைடர் கியர்கள் சுலபமாக உருள முடியாது. ஒரு சக்கரம் தனியாக ஓட முயன்றால் ஆயில் அதை இழுத்துப் பிடிக்கும், மறு சக்கரத்துக்கும் விசை போகும். ஆயில் எவ்வளவு கெட்டியோ, டிஃபரன்ஷியல் அவ்வளவு லாக்குக்கு நெருக்கம்.

இந்தக் கெட்டித்தன்மையை சென்டிஸ்டோக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். விளக்கெண்ணெய் சுமார் 1,000-க்குப் பக்கத்தில் வரும். தேன் சில ஆயிரங்கள். ஆர்சி டிஃப் ஆயில் 1,000-லிருந்து 1,00,000-க்கு மேலேயும் கிடைக்கிறது. கடைசி ரகம் கிட்டத்தட்ட ஜெல் மாதிரி இருக்கும். எல்லா நிறுவனங்களும் ஒரே அளவில் எண் போடுவதில்லை. ஒரே பிராண்டில் தொடங்கி, அதிலேயே ஏற்றி இறக்கிப் பார்ப்பது நல்லது.

எந்த டிஃபுக்கு எந்த ஆயில்?

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் பெரும்பாலும் முன், நடு, பின் என மூன்று டிஃபரன்ஷியல் இருக்கும். எட்டில் ஒரு பங்கு அளவு பக்கி வண்டிகளில் முன் 5,000, நடு 7,000, பின் 3,000 என்பது பலரும் தொடங்கும் வரிசை. அங்கிருந்து ஒவ்வொன்றாக மாற்றலாம்.

முன் டிஃப்: ஆயில் லேசாக இருந்தால் வளைவுக்குள் வண்டி சுலபமாகத் திரும்பும். கெட்டியானால் ஆக்சிலரேட்டர் கொடுத்து வளைவிலிருந்து வெளியேறும்போது முன்பக்கம் நன்றாக இழுக்கும்.

நடு டிஃப்: லேசானால் திடீரென வேகம் கொடுக்கும்போது விசை முழுக்க முன்சக்கரங்களுக்கு ஓடி, அவை காற்றில் சுற்றும். கெட்டியானால் பாய்ச்சல் நன்றாக இருக்கும், மேடுபள்ளத்தில் வண்டி முரண்டு பிடிக்கும்.

பின் டிஃப்: லேசானால் வளைவில் பின்பக்கம் தரையைப் பிடிக்கும். கெட்டியானால் வேகம் கொடுத்ததும் வால் வெளியே வீசும்.

காய்ந்து புழுதியாகக் கிடக்கும் கரிசல் தரையில் பிடிமானம் குறைவு. லேசான ஆயிலில் தொடங்குவதுதான் வழக்கம். இறுகிய, பிடிமானமுள்ள தரை என்றால் கெட்டியாக்கலாம். ஈரக் கரிசலில் ஓட்டவே வேண்டாம். மண் டயரில் அப்பி, மோட்டார் சூடேறிக் கருகும்.

ஒரு நேரத்தில் ஒரு டிஃப் மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. ஆயில் ஊற்றும்போது ஸ்பைடர் கியரின் குறுக்கு ஊசி மூழ்கும் அளவு போதும். குமிழி அடங்கக் கொஞ்ச நேரம் விட்டு மூடி போடவும். விளிம்பு வரை ஊற்றினால் கசியும்.

முதல் வண்டி எப்படி இருக்கணும்?

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024-ல் நடந்த ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் போன்றவற்றை வெளியே நின்று பார்க்கத்தான் முடியும். ஆர்சி ரேஸில் அதே டயர், அதே வளைவு, அதே டிஃபரன்ஷியல் கணக்கைக் கையில் எடுத்துக் கற்கலாம். ஆனால் இதுவும் சும்மா வராது. சுங்கப் பட்டியலில் பொம்மைகளும் மாடல் வண்டிகளும் ஒரே தலைப்பில்தான் வருகின்றன. அந்தத் தலைப்புக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்தது.

அதனால் வாங்கும் முன் கேட்க வேண்டியது, 'எவ்ளோ ஸ்பீடு போகும்' என்பதல்ல. 'இதோட டிஃப் கியர், ஆக்சில், பினியன் தனியா கிடைக்குமா' என்பதுதான். ஓட்டத் தயாராக வரும் பத்தில் ஒரு பங்கு டிரக், பிரஷ்டு மோட்டார், இரண்டு சக்கர இழுவை. தொடங்க இது போதும். டிஃபரன்ஷியல் ஒன்றுதான் இருக்கும், கழற்றிக் கற்றுக்கொள்ளவும் சுலபம். விலை குறைந்த வண்டிகளில் டிஃபுக்குள் ஆயிலுக்குப் பதில் வெறும் கிரீஸ் இருக்கும். அவை ஆயில் தாங்கும்படி சீல் செய்யப்பட்டதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

பேட்டரி: இந்த வட்டாரத்தில் கூடுதல் கவனம்

ஆர்சி வண்டிகளில் அதிகம் பயன்படும் லித்தியம் பாலிமர் பேட்டரியின் ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் ஆகக் கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. சில நாள் சும்மா வைப்பதாக இருந்தால் 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். உப்பினாலோ, மோதி நசுங்கினாலோ, தவறாக சார்ஜ் ஆனாலோ அது தீப்பிடிக்கும். சட்டென்று அணையாது.

எந்த ஊரிலும் இது ஆபத்துதான். தீப்பெட்டியும் பட்டாசும் தொழிலாக இருக்கும் ஊரில் பல மடங்கு ஆபத்து. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரு பொறி என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனவே பட்டாசு, தீக்குச்சி, காகிதக்கட்டு இருக்கும் அறையில் சார்ஜ் போடவே கூடாது. பேலன்ஸ் சார்ஜரில், வெறும் சிமென்ட் தரையில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போடுங்கள். இரவு போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. முதல் வண்டிக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி போதும். வேகம் குறைவு, தீ அபாயமும் குறைவு. பிரஷ்டு மோட்டாருக்குள் ஓடும்போது பொறி பறக்கும் என்பதால், ஆலை, குடோன் பக்கம் வண்டியை ஓட்டவே வேண்டாம்.

ரேஸ் எப்படி நடக்கும்?

மண் டிராக் ரேஸில் பொதுவாக சில ஐந்து நிமிடத் தகுதிச் சுற்றுகள், அதன் பிறகு ஃபைனல். ஓட்டுபவர்கள் மேடை மேல் நிற்பார்கள். கவிழ்ந்த வண்டியைத் தூக்கிவிட டிராக்கைச் சுற்றி மார்ஷல்கள் நிற்பார்கள். முந்தைய ஹீட்டில் ஓட்டியவர்களே அடுத்த ஹீட்டுக்கு மார்ஷல். ஜெயித்தவரும் புழுதியில் இறங்கி அடுத்தவர் வண்டியைத் தூக்கிவிட்டே ஆக வேண்டும்.

தொடங்குவதற்குப் பெரிய டிராக் தேவையில்லை. அறுவடை முடிந்த, ஆலைகளிலிருந்து தள்ளி இருக்கும் நிலம், உரிமையாளரின் அனுமதி, எல்லைக்குப் பழைய பிளாஸ்டிக் பைப். ஐந்து நிமிடம் ஓட்டி, எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டிஃபைத் திறந்து ஆயிலை ஒரு படி மாற்றி, அதே ஐந்து நிமிடம். மோட்டாருக்குச் செலவு செய்வதற்கு முன், அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.