பேச்சு திரும்ப நாலு பேர் வேண்டும்

"கை கால் வந்துடுச்சு, பேச்சுதான் வரல." பக்கவாதம் தாக்கியவர் வீட்டில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை இது. பெரும்பாலோருக்கு மொழியைக் கையாளும் பகுதிகள் மூளையின் இடப்பக்கம் இருக்கின்றன. அங்கே ரத்த ஓட்டம் தடைபட்டால் வரும் குறைபாடு அஃபேசியா. சிலருக்கு நினைத்தது வாயில் வராது. இதை 1861-இல் பிரான்சின் புரோக்கா விவரித்தார். வேறு சிலர் சரளமாகப் பேசுவார்கள், பொருள் இருக்காது. பிறர் பேச்சும் பிடிபடாது. இது 1874-இல் ஜெர்மனியின் வெர்னிக்கே கண்டது. இரண்டிலும் அறிவு மழுங்கிவிட்டதாக நினைப்பது தவறு.

ஓசூர்ப் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கம்பெனியில் கன்னடம் என்று வாழ்ந்தவருக்கு எந்த மொழியில் பயிற்சி கொடுப்பது? முதலில் கற்றதே முதலில் மீளும் என்றார் பிரான்சின் ரிபோ. அதிகம் புழங்கியதே மீளும் என்றார் அதே நாட்டின் பீத்ர், 1895-இல். எல்லோருக்கும் பொருந்தும் விதி எதுவுமில்லை. பலருக்கு எல்லா மொழிகளும் சேர்ந்தே திரும்புகின்றன. பல மொழி தெரிந்தால் அஃபேசியா வராது என்றும் இல்லை. ஐதராபாத்தில் பக்கவாதம் வந்த 608 பேரை ஆராய்ந்து சுவர்ணா அல்லாடி குழு 2016-இல் வெளியிட்ட முடிவில், இருமொழியாளர்களுக்குச் சிந்தனைத்திறன் கூடுதலாகத் தப்பியிருந்தது, அஃபேசியாவில் வித்தியாசமில்லை.

தனியறையில் படத்தைக் காட்டிப் பெயர் கேட்பது தேர்வு மாதிரி. அஃபேசியா உள்ளவர்கள் கூடிப் பேசும் குழுவிலோ பேச ஒரு காரணம் இருக்கிறது. சந்தையில் தக்காளி விலை பற்றிப் பேச்சு வந்தால், ஒருவர் விரலை நீட்டுவார், இன்னொருவர் 'ஐம்பது' என்பார், அடுத்தவர் இல்லையென்று தலையாட்டுவார். முக்கியச் சொல்லை எழுதிக்காட்டி, பதிலுக்குப் பொறுத்திருப்பது சிகிச்சையாளர் வேலை. மொழி கலந்தாலும் திருத்துவதில்லை. 1999-இல் அமெரிக்காவின் எல்மன், பெர்ன்ஸ்டைன்-எல்லிஸ் இருவரும் 24 பேருக்கு வாரம் 5 மணி நேரம், 4 மாதம் இப்படிக் குழுப்பயிற்சி அளித்தனர். நாள்பட்ட அஃபேசியாவிலும் முன்னேற்றம் தெரிந்தது.

பயிற்சிக்காகப் பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனைக்குப் போய்வந்தால் நோயாளியுடன் துணைக்குப் போகிறவரின் ஒரு நாள் கூலியும் போகும். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அத்திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடிப் போகிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அஃபேசியாவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பேச்சுப் பயிற்சியும் அப்படி அருகில் வரலாம்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒருமுறை ஐந்தாறு பேரை உட்காரவைத்துப் பேசவைக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். வீட்டாரும் இன்றைக்கே ஒன்று செய்யலாம்: நோயாளி திணறும்போது முந்திக்கொண்டு வாக்கியத்தை முடித்துவைக்காமல் இருக்கலாம்.